ஓபியாய்டு மருந்து: தொடங்கத் தெரிந்தவருக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும்

புற்றுநோய் முற்றிய ஒருவர் வலியில் துடிக்கிறார். மருத்துவர் மார்ஃபின் எழுதுகிறார். "வேண்டாம் டாக்டர், அது பழகிப்போயிடும்" என்று குடும்பத்தார் மறுத்துவிடுகிறார்கள். வேறொரு மருத்துவரின் அறையில், முதுகுவலி என்று வந்தவருக்கு மூன்றாவது மாதமாக டிரமடால் தொடர்கிறது. "வலி மாத்திரைதானே" என்று எழுதுபவரும் நினைக்கிறார், விழுங்குபவரும் நினைக்கிறார். முதல் குடும்பம் பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறது. இரண்டாவது அறையில் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லை.

மார்ஃபின், டிரமடால் இரண்டும் ஓபியாய்டு என்ற வகை வலி மருந்துகள்தாம். இரண்டு தவறும் ஒரே குழப்பத்திலிருந்து வருகின்றன. மருந்து உடலுக்குப் பழகிப்போவது வேறு, மனிதர் மருந்துக்கு அடிமையாவது வேறு. இந்த வேறுபாட்டைப் பொதுமக்கள் அறியாமல் இருப்பதில் வியப்பில்லை. மருத்துவப் படிப்பிலும் பல காலமாக இதற்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. அதற்காக மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தரப்படும் பயிற்சியில் என்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## ஓபியாய்டு என்பது எது?

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்து இறுகினால் அபின். அபினிலிருந்து வலி போக்கும் சத்தை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியே பிரித்தெடுத்தவர் ஃபிரீட்ரிக் செர்டூனர் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர். அந்தச் சத்துதான் மார்ஃபின். கோடீனும் அபினில் இருப்பதே. இயற்கைப் பொருளைச் சற்றே மாற்றிச் செய்தவை ஆக்ஸிகோடோனும் ஹெராயினும். ஃபென்டனில், டிரமடால், மெத்தடோன் ஆகியவை முழுக்க ஆய்வகத்தில் பிறந்தவை. இவை அனைத்துக்குமான பொதுப்பெயர் ஓபியாய்டு. பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை வேலை செய்யும் வழியே வேறு. எல்லாவற்றையும் "வலி மாத்திரை" என்ற ஒரே பெயரில் அழைப்பதால் வரும் ஆபத்து சிறியதல்ல.

ஓபியாய்டு வேலை செய்வது ஏற்பிகள் வழியாக. ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். தனக்குப் பொருந்தும் வேதிப்பொருள் வந்து ஒட்டினால், அது செல்லுக்குள் ஒரு மாற்றத்தைத் தொடங்கி வைக்கும். மூளையில் ஓபியாய்டுக்கென்றே ஏற்பிகள் இருப்பது 1973-இல் நிறுவப்பட்டது. உடலில் இப்படி ஓர் ஏற்பி ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு 1975-இல் விடை கிடைத்தது. ஓபியாய்டு போன்ற பொருள்களை நம் மூளை தானாகவே சுரக்கிறது. வெளியிலிருந்து வரும் மருந்து, உடல் தனக்கென வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பன்மடங்கு வலுவாக இயக்குகிறது.

இந்த ஏற்பிகள் வலிப்பாதையில் மட்டும் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. தண்டுவடத்தில் இருப்பதால் வலிச் செய்தி மட்டுப்படுகிறது. குடலில் இருப்பதால் மலச்சிக்கல் வருகிறது. மூளையில் "இது நன்றாக இருக்கிறது, மறுபடியும் செய்" என்று நமக்குக் கற்பிக்கும் பகுதியிலும் இருக்கின்றன. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன. இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது "மூச்சு விடு" என்று உந்துவது மூளைத்தண்டுதான். அளவு மிஞ்சிய ஓபியாய்டு அந்த உந்துதலை அடக்கிவிடும். அப்போது மூச்சு திணறாது, மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். ஓபியாய்டு சாவு பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது.

## கதவைத் தள்ளும் இருவர்

ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்கிறார் என்று வையுங்கள். உள்ளே இருப்பவர் சும்மா இருக்க மாட்டார். கதவு திறக்காதபடி அவரும் எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்து நிற்பார். சிறிது நேரத்தில் கதவு அசையாமல் நிற்கும். வெளியில் இருப்பவர் இன்னும் அழுத்தினால்தான் அது நகரும். அப்படியே அவர் திடீரென்று விலகிவிட்டால்? உள்ளே இருப்பவர் தன் முழு வேகத்தோடு முன்னால் போய் விழுவார்.

வெளியிலிருந்து தள்ளுவது மருந்து, உள்ளே முட்டுக்கொடுப்பது உடல். மூளைத்தண்டில் நார்அட்ரினலின் என்ற விழிப்பூட்டும் பொருளைச் சுரக்கும் சிறு செல் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஓபியாய்டு அதை அடக்குகிறது. நாள்தோறும் அடக்கப்படும்போது அந்தச் செல்கள் தங்கள் உள்வேகத்தைக் கூட்டிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கின்றன. ஏற்பிகளின் உணர்திறனும் மங்குகிறது. அதனால் நேற்று போதுமாக இருந்த அளவு இன்று போதவில்லை. இதற்குப் பெயர் தாங்குதிறன்.

மருந்து சட்டென நின்றால், கூட்டி வைத்த வேகம் அத்தனையும் தடுப்பாரின்றி வெளிப்படும். கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, கை கால் குடைச்சல், தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு எல்லாம் வரும். இவற்றை விலகல் அறிகுறிகள் என்பார்கள். மருந்து நின்றால் இவை வரும் என்ற நிலைக்கு உடல் வந்துவிட்டதை உடல்சார்பு என்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, இதில் மனிதரின் குணமோ மன உறுதியோ எங்குமே வரவில்லை. சில வாரங்கள் தொடர்ந்து ஓபியாய்டு எடுத்தால் யாருடைய உடலும் இப்படித்தான் மாறும். துறவியின் உடலும் மாறும். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறுவதில்லையா? அதையும் இதே வகையில்தான் சேர்க்க வேண்டும். அதற்காக யாரையும் இரத்த அழுத்த மாத்திரைக்கு அடிமை என்று நாம் சொல்வதில்லை.

தாங்குதிறன் வந்ததுபோலவே போய்விடவும் செய்யும். மருந்தில்லாமல் சில வாரங்கள் கழிந்தாலே உள்ளே முட்டுக்கொடுத்தவர் விலகிவிடுவார். முன்பு தாங்கிய அதே அளவை அப்போது மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் இரண்டு வாரங்களில் போதைப்பொருள் மிகையால் (அளவு மிஞ்சி எடுப்பதால்) அவர்கள் சாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 129 மடங்கு இருந்தது. "கொஞ்ச நாள் அடைத்து வைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் இந்த எண்ணை ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

## போதைநோய் எங்கே தொடங்குகிறது?

மேலே சொன்ன எதுவும் அடிமையாதல் அல்ல. குடிநோய் என்பதுபோல இதைப் போதைநோய் என்றே சொல்வோம். கெடுதல் நேர்கிறது என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல், வாழ்க்கையே மருந்தைச் சுற்றிச் சுழலத் தொடங்கும் நிலை அது. மூளையின் கற்கும் பகுதியில் டோபமீன் என்ற பொருள் திரும்பத் திரும்பப் பாய்ந்து, மருந்தையும் அதை நினைவூட்டும் ஒவ்வொன்றையும் ஆழமாகப் பதித்துவிடுகிறது. விலகல் அறிகுறிகள் அடங்கி மாதங்கள் ஆன பிறகும், ஒரு தெருவையோ ஒரு முகத்தையோ கண்டதும் ஏக்கம் கிளம்புவது அதனால்தான். மருந்து எடுத்த எல்லாருக்கும் இது வருவதில்லை. மரபு, இளம் வயது, மனநோய், குழந்தைப் பருவக் காயங்கள், முந்தைய போதைப் பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் வாய்ப்பைத் தீர்மானிக்கின்றன.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு வகைப்பாடு இதற்கு 11 அடையாளங்களைச் சொல்கிறது. நினைத்ததைவிட அதிகமாக எடுப்பது, குறைக்க முயன்றும் முடியாமல் போவது, மருந்தைத் தேடியே பொழுது கழிவது, வேலையும் உறவும் சிதைவது, ஆபத்தான சூழலிலும் எடுப்பது என்று அது நீள்கிறது. ஓராண்டுக்குள் இவற்றில் இரண்டு இருந்தாலே நோய் என்று கணக்கு. தாங்குதிறனும் விலகல் அறிகுறியும் கூட அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் மருத்துவர் சொன்னபடி மருந்து எடுப்பவரிடம் அவை இரண்டையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அங்கேயே குறிப்பு இருக்கிறது. பயிற்சி வகுப்பில் எந்தப் பாடம் மறந்தாலும் அந்தக் குறிப்பு மறக்கக் கூடாது என்பேன்.

சுருக்கமாகச் சொன்னால், கூடுதல் அளவு தேவைப்படுவது தாங்குதிறன். நிறுத்தினால் உடல் படுத்துவது உடல்சார்பு. கெடுதல் தெரிந்தும் விட முடியாதது போதைநோய். முதலிரண்டும் உடலின் இயல்பான எதிர்வினை. மூன்றாவதுதான் நோய், அதற்குச் சிகிச்சையும் உண்டு.

## மருத்துவர்கள் இரண்டு முறை தவறாகக் கற்றார்கள்

1980-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேருக்கு மட்டுமே அடிமையான பதிவு இருந்தது என்று அதில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் மருத்துவமனைப் படுக்கையில், செவிலியர் கையால், குறுகிய காலத்துக்கு மருந்து பெற்றவர்கள். வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களைப் பற்றி அந்தக் கடிதம் எதுவும் சொல்லவில்லை.

ஆனாலும் "ஓபியாய்டால் அடிமையாவது அரிது" என்பதற்கு அதுவே ஆதாரமாகிப்போனது. அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பதையும், அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை என்பதையும் 2017-இல் ஒரு கணக்கெடுப்பு காட்டியது. இதற்கிடையே 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற நீடித்த செயல்பாடுள்ள ஆக்ஸிகோடோன் மாத்திரை சந்தைக்கு வந்தது. அடிமையாகும் வாய்ப்பு குறைவு என்று மருத்துவர்களுக்குச் சொல்லியே அதை விற்றார்கள். அப்படித் தவறான தகவலோடு விற்றதற்காக, அதைத் தயாரித்த பர்டியூ குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2012-இல் அமெரிக்காவில் ஓபியாய்டுக்கு எழுதப்பட்ட மருந்துச் சீட்டுகள் 25 கோடிக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் உரிமம் பெற்ற மருத்துவர்கள்தாம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள், தங்களுக்குச் சொல்லித்தரப்பட்டதை நம்பினார்கள்.

பிறகு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016-இல் கவனமாக எழுதச் சொல்லி ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதைப் பலர் "இனி எழுதாதே" என்று படித்துக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்கில் மருந்தில் இருந்தவர்களுக்கு ஒரே நாளில் சீட்டு மறுக்கப்பட்டது. கதவுக்கு வெளியே நின்றவர் சட்டென விலகினால் என்ன ஆகும் என்று பார்த்தோமே, அதுதான் நடந்தது. கடும் விலகல் அறிகுறிகளும் தற்கொலைகளும் நேர்ந்ததாக 2019-இல் அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2022-இல் வழிகாட்டுதலும் திருத்தி எழுதப்பட்டது.

முதல் முறை "பயமே வேண்டாம்" என்று கற்றார்கள். இரண்டாம் முறை "தொடவே வேண்டாம்" என்று கற்றார்கள். இரண்டு முறையும் நடுவில் அகப்பட்டவர் நோயாளி.

## பாதுகாப்பாக எழுதுவது எப்படி?

முதல் கேள்வி, இந்த வலிக்கு ஓபியாய்டு தேவையா என்பது. பெரிய அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, புற்றுநோய் போன்றவற்றில் அதன் பயன் தெளிவு. நாள்பட்ட முதுகுவலி, மூட்டுத் தேய்மான வலி ஆகியவற்றில் அப்படியில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் இத்தகைய வலியுள்ள 240 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஓபியாய்டும் மற்றதற்கு வேறு வலி மருந்துகளும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. ஓபியாய்டு எடுத்தவர்களுக்குப் பக்கவிளைவுகள்தான் கூடுதல்.

தேவைதான் என்றால், எத்தனை நாளுக்கு? சீட்டில் எழுதும் அந்த ஓர் எண்ணுக்கு இருக்கும் கனம் பலருக்குத் தெரிவதில்லை. புற்றுநோய் இல்லாத, முதன்முறை ஓபியாய்டு எடுத்த நோயாளிகளின் பதிவுகளை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். முதல் முறை எட்டு நாளோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் 13.5 சதவீதத்தினர் ஓராண்டு கழித்தும் ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். 31 நாளோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் அது 29.9 சதவீதம். அதிக வலி உள்ளவர்களுக்குத்தான் அதிக நாள் எழுதியிருப்பார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும், முழுப் பழியும் நாள்கணக்கின் மேல் போட முடியாது. இருந்தாலும், மூன்று நாளில் தீரும் வலிக்கு முப்பது மாத்திரை எழுதினால், மிஞ்சியவை வீட்டு அலமாரியில் யார் கைக்கும் எட்டும்படி கிடக்கும்.

அளவைப் பொறுத்தவரை, ஒவ்வொரு ஓபியாய்டின் வலிமையும் வேறு. அதனால் எல்லாவற்றையும் மார்ஃபினுக்குச் சமமான மில்லிகிராமாக மாற்றிப் பார்ப்பார்கள். வாய்வழி ஆக்ஸிகோடோன் 1 மில்லிகிராம் என்பது மார்ஃபின் 1.5 மில்லிகிராமுக்குச் சமம். கோடீன் 1 மில்லிகிராம் 0.15-க்குத்தான் சமம். ஃபென்டனிலோ மார்ஃபினைப்போல் 50 முதல் 100 மடங்கு வலிமையானது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமான அளவைத் தாண்டும்போது பயன் அதிகம் கூடாது, ஆபத்து கூடும், எனவே நின்று யோசியுங்கள் என்கிறது 2022 வழிகாட்டுதல். அது யோசிக்க வேண்டிய இடம்தான். அதையே தாண்டக் கூடாத கோடாக்கியதால்தான் முந்தைய குளறுபடி நேர்ந்தது.

கூடவே என்ன மருந்து இருக்கிறது என்று பார்ப்பது உயிர் காக்கும். பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரைகளும் மதுவும் மூளையின் அதே மூச்சு மையத்தை இன்னொரு வழியில் அடக்குகின்றன. தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகள் சேர்ந்தால் தாங்க முடியாமல் போகலாம். சிறுநீரகம் பழுதானவர் உடலில் மார்ஃபினின் செயல்படும் கழிவுப்பொருள் தேங்கும். குழந்தைகளில் சிலருக்குக் கோடீனை மார்ஃபினாக மாற்றும் வேகம் மிக அதிகம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோடீன் கூடாது என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2017-இல் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

பயிற்சியின் கடினமான பகுதி இந்தக் கணக்குகள் அல்ல, பேச்சு. நல்ல பயிற்சிகளில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். "மாத்திரை பத்து நாள் முன்னாடியே தீர்ந்துபோச்சு டாக்டர், இன்னொரு சீட்டு எழுதிக் கொடுங்க" என்பார். பயிற்சி பெறாதவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். சங்கடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார், அல்லது முகம் இறுகி "இங்கே இனி வராதீர்கள்" என்பார். பயிற்சியில் சொல்லித்தருவது: "முன்கூட்டியே தீர்ந்துவிட்டது என்கிறீர்கள். வலி கூடிவிட்டதா, தூக்கத்துக்காக எடுத்தீர்களா, எடுக்காவிட்டால் உடம்பு படுத்துகிறதா? எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது." அந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் வலி மோசமாகியிருக்கிறதா, உடல்சார்பா, போதைநோயா என்பது தெரியவரும். மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு.

## நிறுத்துவதும் ஒரு சிகிச்சைதான்

கதவைத் தள்ளுபவர் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைத்தால் உள்ளே இருப்பவரும் தான் முட்டுக்கொடுப்பதை மெல்லத் தளர்த்துவார். யாரும் விழ மாட்டார்கள். ஓராண்டுக்கு மேல் மருந்தில் இருந்தவருக்கு மாதத்துக்கு 10 சதவீதம், அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது பலரால் தாங்கக்கூடியது என்கிறது 2022 வழிகாட்டுதல். இடையில் சில வாரம் அதே அளவில் நிறுத்தி வைப்பதும் தோல்வி அல்ல. உயிருக்கு உடனடி ஆபத்து தெரியும்போது தவிர, நோயாளியின் சம்மதத்தோடுதான் இது நடக்க வேண்டும். ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், நாளையே தானாக நிறுத்திவிட வேண்டாம், எழுதியவரிடம் பேசித் திட்டம் போடுங்கள்.

## "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?"

போதைநோய்ச் சிகிச்சை பற்றி இதைவிடப் பரவலான தவறான எண்ணம் இல்லை. மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டும் ஓபியாய்டுகள்தாம். பின் எப்படி அவை மருந்தாகும்?

ஹெராயின் நிமிடங்களில் ஏறி சில மணி நேரத்தில் இறங்குகிறது. மூளை ஒரு நாளைக்குப் பல முறை உச்சத்துக்கும் விலகல் அறிகுறிக்கும் இடையே இழுபடுகிறது. அடுத்த வேளைக்கான தேட்டத்திலேயே நாள் முடிகிறது. மெத்தடோன் மெதுவாக ஏறி ஒரு நாள் முழுக்க நிற்கும். கதவை ஒரே சீரான அழுத்தத்தில் பிடித்து வைப்பதுபோல. உச்சமும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. உடல்சார்பு தொடர்கிறது, உண்மைதான். ஆனால் போதைநோயின் அடையாளங்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. அந்த மனிதர் வேலைக்குப் போகிறார், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். உடல்சார்பையும் போதைநோயையும் முன்பே பிரித்துப் பார்த்தது இங்கேதான் கைகொடுக்கிறது. நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் 1960-களின் நடுவில் இந்தச் சிகிச்சையை நிறுவினார்கள்.

புப்ரெனார்ஃபின் இன்னும் நுட்பமானது. அது ஏற்பியை மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும், ஆனால் பாதியளவே இயக்கும். கதவை ஓரளவுக்கு மேல் தள்ளும் வலு அதற்கு இல்லை. அதனால் அளவைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் விளைவு ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. தூக்க மாத்திரையோ மதுவோ கலந்தால் இந்தப் பாதுகாப்பு குறையும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இறுகப் பற்றும் குணத்தால் ஒரு சிக்கலும் உண்டு. ஹெராயின் உடலில் இருக்கும்போதே கொடுத்தால், அதைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். முழு இயக்கம் சட்டெனப் பாதியாகி, நோயாளி கடும் விலகல் அறிகுறிகளில் விழுவார். எனவே கொட்டாவி, வியர்வை, கண்பாவை விரிதல் எல்லாம் ஓரளவு தெரியும்வரை பொறுத்திருந்து முதல் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பது வழக்கம். எப்போது தொடங்குவது என்பதைக் கற்றுக்கொள்ளாத மருத்துவர், முதல் நாளே நோயாளியின் நம்பிக்கையை இழந்துவிடுவார்.

மூன்றாவது மருந்து நால்ட்ரெக்ஸோன். இது ஏற்பியை அடைத்துக்கொள்ளும், இயக்காது. ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருந்த பிறகே தொடங்க முடியும் என்பதால் பலருக்கு அதுவரை வந்து சேர்வதே கடினம்.

இவற்றின் பலன் என்ன? 2017-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மெத்தடோன் சிகிச்சையில் இருந்த காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 11.3 பேர் இறந்தார்கள். சிகிச்சையை விட்டு விலகிய காலத்தில் அது 36.1. பிரான்ஸ் 1990-களின் நடுவில் பொதுமருத்துவர்கள் எல்லாரும் புப்ரெனார்ஃபின் எழுதலாம் என்று திறந்துவிட்டது. 1995-க்கும் 1999-க்கும் இடையில் அங்கே ஓபியாய்டு மிகைச் சாவுகள் 79 சதவீதம் குறைந்தன. உளவியல் ஆலோசனை உதவும், அதை வழங்க வேண்டும். ஆனால் "ஆலோசனைக்கு வந்தால்தான் மருந்து" என்று நிபந்தனை போடுவது, நீரிழிவு நோயாளியிடம் நடைப்பயிற்சி செய்தால்தான் இன்சுலின் என்பதைப்போல இருக்கிறது.

## மூச்சு நிற்கும்போது

நலோக்ஸோன் ஏற்பியிலிருந்து ஓபியாய்டை விலக்கிவிடும் மாற்று மருந்து. ஊசியாகவும் மூக்கில் தெளிக்கும் மருந்தாகவும் கிடைக்கிறது. தட்டி எழுப்பினாலும் எழாத உறக்கம், ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்பாவை, குறட்டையோ களகளப்போ கேட்கும் மெதுவான மூச்சு, நீலம் பாரித்த உதடும் நகமும். இவற்றைக் கண்டால் அவசர உதவிக்கு அழைத்துவிட்டு, இருந்தால் நலோக்ஸோனைக் கொடுத்து, செயற்கை மூச்சு தர வேண்டும். "குறட்டை விட்டுத் தூங்குகிறார், விட்டுவிடுவோம்" என்று விடப்பட்டு இறந்தவர்கள் உண்டு. நலோக்ஸோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும். சில ஓபியாய்டுகள் அதற்கு மேலும் உடலில் இருக்கும் என்பதால், கண் விழித்தவரையும் தனியே விடக் கூடாது. அதிக அளவில் ஓபியாய்டு எழுதும்போதே நலோக்ஸோனையும் எழுதி, வீட்டில் உள்ளவருக்கு அதைப் பயன்படுத்தச் சொல்லித்தருவது பயிற்சியின் ஒரு பகுதி.

## பயிற்சி எப்படி நடக்கிறது, எது பலிக்கிறது?

அமெரிக்காவில் 2000-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, போதைநோய்க்குப் புப்ரெனார்ஃபின் எழுத விரும்பும் மருத்துவர் 8 மணி நேரம் பயிற்சி எடுத்துத் தனி அனுமதி பெற வேண்டும். ஆரம்பத்தில் 30 நோயாளிகளுக்கு மேல் பார்க்கவும் கூடாது. ஆக்ஸிகோடோன் எழுத இப்படி ஒரு தனி அனுமதி தேவைப்படவில்லை. நோயை உண்டாக்கக்கூடிய மருந்துக்குக் கதவு திறந்திருந்தது, குணப்படுத்தும் மருந்துக்குப் பூட்டு. 2022 டிசம்பரில் அந்தத் தனி அனுமதி ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதில், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதும் எல்லா மருத்துவர்களும் போதைநோய் குறித்து ஒரு முறை 8 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை தர முன்வருபவருக்கு மட்டும் பயிற்சி என்பது போய், மருந்து எழுதும் எல்லாருக்கும் பயிற்சி என்றானது. இது சரியான திசை.

ஆனால் எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் மருந்து எழுதும் பழக்கம் மாறிவிடாது. தான் எழுதியதன் விளைவு மருத்துவருக்குத் திரும்பத் தெரியவருவதில்லை என்பதே பெரிய குறை. அமெரிக்காவில் நாள்பட்ட வலிக்காக நீண்ட காலம் ஓபியாய்டு எடுத்து வந்து, மிகையிலிருந்து உயிர் பிழைத்தவர்களை ஆராய்ந்தபோது, 91 சதவீதத்தினருக்கு அதன் பிறகும் ஓபியாய்டு எழுதப்பட்டிருந்தது 2016-இல் வெளியானது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் நடந்தது வழக்கமான மருத்துவருக்குத் தெரியாமலே போகக்கூடிய அமைப்பு அது.

சான் டியேகோ மாவட்டத்தில் இதையே சோதித்தார்கள். மருந்து மிகையால் ஒருவர் இறந்ததும், அவருக்குக் கடந்த ஓராண்டில் மருந்து எழுதிய மருத்துவர்களில் ஒரு பகுதியினருக்கு மாவட்ட மரண விசாரணை அலுவலகத்திலிருந்து கடிதம் போனது. உங்கள் நோயாளி இன்னார் இறந்துவிட்டார், பாதுகாப்பாக எழுதும் வழிகள் இவை என்று அளவான குரலில் எழுதிய கடிதம். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அடுத்த மூன்று மாதங்களில் கடிதம் பெற்றவர்கள் எழுதிய ஓபியாய்டு அளவு, பெறாதவர்களோடு ஒப்பிடும்போது 9.7 சதவீதம் குறைந்தது. 2018-இல் முடிவுகள் வந்தன.

நோயாளிகள் இருக்கும் ஊரிலேயே மருத்துவருக்குக் கற்றுத்தரும் முறை ஒன்றும் உண்டு. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003-இல் எக்கோ என்ற திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கல்லீரல் அழற்சிக்காகத் தொடங்கியது, பின்னர் போதைநோய்க்கும் விரிந்தது. தொலைதூர மருத்துவர்கள் காணொளி வழியே கூடி, தங்கள் நோயாளி ஒருவரின் நிலையைப் பெயர் சொல்லாமல் முன்வைப்பார்கள். நிபுணர்களும் மற்ற மருத்துவர்களும் சேர்ந்து யோசிப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மெய்யான நோயாளி, ஒரு மெய்யான முடிவு. புப்ரெனார்ஃபினை முதன்முறை எழுதப்போகும் ஒருவருக்கு, "நாளைக்கு ஏதாவது ஆனால் கேட்க ஆள் இருக்கிறது" என்ற தைரியம் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது.

## பயிற்சி இல்லாததால் மருந்தே கிடைக்காதவர்கள்

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2017-இல் வலி நிவாரணம் பற்றிய ஒரு சர்வதேச ஆய்வுக் குழு கணக்கிட்டபடி, உலகில் ஆண்டுதோறும் விநியோகமான சுமார் 298.5 டன் மார்ஃபினுக்குச் சமமான ஓபியாய்டில் மிக ஏழை நாடுகளுக்குச் சென்றது 0.1 டன். விலை மலிவான மருந்துதான். சட்டங்களின் கெடுபிடியும், எழுதக் கற்காததால் வரும் பயமும்தான் பெரிய தடைகள்.

உகாண்டா இதற்கு ஒரு வழி கண்டது. 1993-இல் ஆன் மெரிமன் என்ற மருத்துவர் அங்கே தொடங்கிய நோய்த்தணிப்புச் சேவை, மார்ஃபின் தூளைத் தண்ணீரில் கரைத்து வாய்வழி மருந்தாகத் தரத் தொடங்கியது. மருத்துவர்கள் போதாத நாடு என்பதால், தனிப்பயிற்சி பெற்ற செவிலியர்களும் மருத்துவ உதவி அலுவலர்களும் மார்ஃபின் எழுதலாம் என்று 2004-இல் அரசு அனுமதித்தது. அவர்கள் கற்பது நாம் இதுவரை பார்த்த அதே பாடம்தான்: குறைந்த அளவில் தொடங்கு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடு, மலச்சிக்கலுக்கு மருந்தைக் கூடவே கொடு, மூச்சையும் உறக்கத்தையும் பார், வலி குறைந்தால் அளவைக் குறை, "பழகிப்போயிடுமா?" என்று குடும்பத்தார் கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்.